சாகுல் காக்காவின் குதிகால்

1

சாகுல் ஹமீது காக்கா இறந்து இந்த மாதத்தோடு பதினான்கு வருடங்கள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அவர் நினைவு நாளில் இர்விங்கில் எங்கள் வீட்டில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கி, தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவோம். அனுப்புவது என்றால் நானேதான். அலுமினியத் தட்டுகளைக் காரின் பின்னிருக்கையில் அடுக்கி, டெக்சஸ் வெயிலில் ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொரு குடியிருப்புக்கு ஓட்டிக்கொண்டு போவேன். வாங்குகிறவர்கள் யாருக்காக என்று கேட்பார்கள். என் காக்காவுக்காக என்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இந்த வருடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் பன்னிரண்டு வருடம் துணை ஆசிரியராக இருந்தவன். செய்தியில் ஓர் ஆள் வந்தால் அவர் யார், இன்னொருவருக்கு என்ன உறவு என்பது முதல் பத்தியிலேயே தெளிவாக வேண்டும் என்று நிருபர்களைப் படுத்தி எடுத்தவன். ஆகவே தெளிவாகவே சொல்கிறேன். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். ஆனால் சாகுல் காக்கா என் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தவர் அல்ல. அவர் கீழக்கரையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. நான் பிறந்ததும் என் உம்மாவுக்குக் கடும் காய்ச்சல். பால் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு ஆசியாம்மாவுக்கு அப்போது நான்கு மாதக் கைக்குழந்தை சாகுல். அவர் என்னையும் எடுத்து இன்னொரு பக்கம் போட்டுக்கொண்டார். என் உம்மா தேறி எழும்வரை அவர் பால்தான் எனக்கு.

எங்கள் ஊரில் இது வெறும் உதவி இல்லை. ஒரு குழந்தை ஐந்து முறை வயிறு நிறையக் குடித்துவிட்டால் அவள் அதற்குத் தாய், அவள் பிள்ளைகள் அதற்கு உடன்பிறந்தவர்கள் என்பது மார்க்கச் சட்டம். சாகுல் காக்காவின் தங்கை கதீஜா என் முன்னால் முக்காடு இல்லாமல் வருவாள். எனக்கும் அவளுக்கும் திருமணப் பேச்சே எழ முடியாது. அவருக்கு மகன் பிறந்தபோது காதில் பாங்கு சொன்னவன் நான். அந்த மகன் ரியாஸ் என்னைச் சாச்சா என்றுதான் அழைப்பான். சித்தப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்.

நாங்கள் இருவருமே குண்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இரட்டை முரசு என்று பெயர். நாங்கள் பந்து விளையாட வந்தால் மைதானம் சாயும் என்பார்கள். பெரியவர்கள் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: ஒரே பால் குடிச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும். 

அவர் முப்பத்தொன்பது வயதில், கடையைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், எழவில்லை. நான் அப்போது இங்கே வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாரடைப்பு என்று தொலைபேசியில்தான் கேட்டேன். எனக்கும் அப்போது முப்பத்தொன்பது. ஒரே பால் குடித்த உடம்பு என்ற வாக்கியம் அன்றிலிருந்து எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது.

2

என் மனைவி பரீதாவுக்கு லாஸ் கோலினாஸில் கணினி வேலை. நான் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பயன்பாட்டுக் கையேடுகளைத் திருத்துகிறேன். பிழை பார்க்கும் தொழில்தான், மொழி மட்டும் மாறிவிட்டது. நாள் முழுதும் நாற்காலி. உடம்பு ஊரிலிருந்து வந்ததைவிட இன்னும் கூடிவிட்டது.

சென்ற வசந்தத்தில் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போனேன். எடை பார்த்த செவிலி முகத்தில் எதையும் காட்டவில்லை. இந்த நாட்டில் அதற்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். ஊரில் என்றால் எடை பார்க்கும் இயந்திரத்துக்கு அருகில் நிற்பவரும் கருத்துச் சொல்வார். பிறகு செவிலி கணினியைப் பார்த்தபடியே, நெருங்கிய இரத்த உறவில் யாருக்காவது இளம் வயதில் இதய நோய் உண்டா என்று கேட்டார்.

"பிரதர். தர்ட்டி நைன்."

யோசிக்கவே இல்லை. பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னேன். செவிலியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. மன்னிக்கவும் என்று இவர்கள் துக்கத்துக்குச் சொல்லும் அந்தச் சொல்லைச் சொன்னார். பிறகு தட்டினார்.

அந்த இரண்டு சொற்களில் ஓர் இயந்திரமே கிளம்பியது. இதய மருத்துவரிடம் அனுப்பினார்கள். என் கெட்ட கொலஸ்டிரால் கொஞ்சம் கூடுதல்தான், இந்த எடைக்கு வியப்பில்லை என்றார் அவர். ஆனால் உடன்பிறந்தவர் அத்தனை இளம் வயதில் போயிருக்கிறார் என்பதால், இது எடையால் மட்டும் வருவதா, பிறப்பிலேயே வந்ததா என்று மரபணுவைப் பார்த்துவிட வேண்டும் என்றார். காப்பீட்டு நிறுவனம் முதலில் மறுத்தது. தொலைபேசியில் காத்திருப்போருக்கான இசை எனக்கு மனப்பாடமானது. ஒருவர் இன்னொருவரிடம் மாற்றுவார், அவர் முதலாமவரிடமே திருப்புவார். கடைசியில் ஒரு பெண்மணி கோப்பைப் படித்து, உடன்பிறந்தவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே அனுமதி கிடைத்தது.

3

மரபணு ஆலோசகர் ஒருவரைக் காணொளியில் சந்தித்தேன். மேகன் என்று பெயர். முப்பது வயதிருக்கும். அவசரமில்லாமல் பேசுகிறவர். அவர் விளக்கியதை நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். பழைய பழக்கம்.

உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட ஒரு பிரதி இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரலின் மேல் கதவுகள் உண்டு. அந்தக் கதவை எப்படிச் செய்வது என்பது பிரதியில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. அங்கே ஓர் எழுத்து பிசகினால் பாதிக் கதவுகள் திறப்பதில்லை. கொழுப்பு பிறந்த நாள் முதலே இரத்தத்தில் தேங்குகிறது. ஒல்லியாக இருந்தாலும் தேங்கும், பருமனாக இருந்தாலும் தேங்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி.

ஒரு பக்கத்தில் நாலு பிழை விட்டுவிட்டு மறுநாள் ஆசிரியரின் அறைக்குப் போய் நின்றவன் நான். முந்நூறு கோடி எழுத்துகளில் ஒரே ஒரு பிழை, அதை ஒவ்வொரு தலைமுறையும் அப்படியே மறுபதிப்பு செய்துகொண்டு வருகிறது என்பதைக் கேட்டபோது என் பேனா நின்றுவிட்டது.

பருமனானவர்களிடம் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம் என்றார் மேகன். கொழுப்புக் கூடுதலாக இருந்தால் டாக்டர் எடையைக் காட்டுவார். நோயாளி தலைகுனிவார். அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கிறதா என்று பார்க்க இருவருக்குமே தோன்றாது. எடையும் இதயத்துக்குக் கெடுதல்தான். இரண்டும் சேர்ந்தால் இரட்டைச் சுமை.

பிறகு ஒன்று கேட்டார். குதிகாலுக்குமேல் பின்புறத் தசைநாண் தடித்திருக்கிறதா, தொட்டுப் பாருங்கள். கொழுப்பு வருடக்கணக்கில் அங்கே படிந்து கட்டியாகும் என்றார். நாற்காலியில் இருந்தபடியே சிரமப்பட்டுக் குனிந்து தொட்டேன். ஒன்றுமில்லை. உங்கள் சகோதரருக்கு இருந்ததா என்று கேட்டார்.

இருந்தது. பள்ளி நாட்களைத் தாண்டியதும் வந்தது. இரண்டு குதிகாலுக்குமேலும் புளியங்கொட்டை புதைத்ததுபோல் ஒரு தடிப்பு. ஷூவின் பின்விளிம்பு அதில் உராயும் என்று கல்லூரிக்கும் செருப்பில்தான் வருவார். என் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவை அன்றைக்கே பின்னால் மிதித்து மடக்கிவிட்டார். பரீதாவின் வீட்டார் அதைப் பார்த்து, மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஷூ போடத் தெரியாதா என்று கேட்டார்கள்.

மேகன் திரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைக் குறித்துக்கொண்டார். எனக்குக் குழாய் ஒன்று தபாலில் வந்தது. அதில் எச்சில் துப்பி மூடி அனுப்பினேன்.

4

முடிவு வந்தது. எனக்கு அந்தப் பிழை இல்லை. மேகனுக்கே வியப்புதான். நாணயம் உங்கள் பக்கம் விழுந்திருக்கிறது என்றார். எடையையும் இரத்த அழுத்தத்தையும் கவனியுங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது என்றார்.

பதினான்கு வருடம் தோளில் உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கியது. வீட்டில் பரீதா செய்தியைக் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.  பிறகு அவளுடைய வழக்கமான கேலி வந்தது.

"அப்ப கொழுப்பெல்லாம் வாயிலதான்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அதுக்கு மாத்திரை இருக்கான்னு கேட்டீங்களா?"

ரியாஸுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அவனுக்கு இருபத்தேழு வயது. இர்விங்கிலேயே, எங்களிடமிருந்து இரண்டு சிக்னல் தள்ளி, புதிதாக வருகிறவர்கள் குடியேறும் அடுக்ககம் ஒன்றில் மனைவி நஸ்ரினோடும் எட்டு மாதக் குழந்தை மர்யத்தோடும் இருக்கிறான். வாப்பாவின் உடல்வாகு. கல்லூரியில் படிக்கும்போதே அவனுக்குக் கொலஸ்டிரால் மிகக் கூடுதல் என்று தெரியும். எடையைக் குறை என்றார்கள். ஒரு வருடம் பட்டினி கிடந்து நிறையவே குறைத்தான். கொலஸ்டிரால் அசையவில்லை. ஒளித்து ஒளித்துச் சாப்பிடுகிறாய் என்றார் டாக்டர். அதோடு டாக்டர்களிடம் போவதையே விட்டுவிட்டான். அவன் உம்மா ஊரிலிருந்து அழுது அழுது, போன மாதம்தான் இங்கே ஓர் இதய மருத்துவரிடம் தேதி வாங்க வைத்திருந்தார்.

நான் சொல்லி முடித்ததும் அவன் பெருமூச்சு விட்டது கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப நம்ம குடும்பத்துல அது இல்ல சாச்சா. அந்த அப்பாயின்ட்மென்ட்ட நான் கேன்சல் பண்ணிடறேன். திரும்பவும் ஒரு ஆளு வெயிட் வெயிட்டுன்னு பேசறத கேக்க முடியாது."

சரி என்றேன். அந்த வாரம் பரீதா பிரியாணி போட்டாள். எல்லோரும் சாப்பிட்டோம். ரியாஸ் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

5

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குத் தாமதமாகப் போனேன். பள்ளிவாசலின் கார் நிறுத்தம் நிரம்பி, எதிர்ப்புறக் கடைகளின் முன்னால் நிறுத்த வேண்டியதாயிற்று. உள்ளே கடைசி வரிசைகளில் ஒன்றில் இடம் கிடைத்தது. எனக்கு நேர் முன்னால் ரியாஸ் நின்றுகொண்டிருந்தான். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தான். தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்த ஈரம் காலில் இன்னும் இருந்தது.

தொழுகையில் பார்வை தாழ்ந்திருக்க வேண்டும். நெற்றி படப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னால் இருப்பது முன்வரிசைக்காரரின் குதிகால். வாழ்நாளெல்லாம் எத்தனை பேரின் குதிகால்களைப் பார்த்திருப்பேன். எதையும் பார்த்ததில்லை.

அன்று பார்த்தேன். ரியாஸின் இரண்டு குதிகால்களுக்குமேலும் அந்தத் தடிப்பு இருந்தது. புளியங்கொட்டை புதைத்ததுபோல். இடது பக்கம் கொஞ்சம் பெரிது. காக்காவுக்கும் இடது பக்கம்தான் பெரிது.

இமாம் ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு ஓதுவது காதில் விழுகிறது, பொருள் போய்ச் சேரவில்லை. கீழக்கரையில் நாங்கள் இருவரும் தொழக் கற்றுக்கொண்ட காலத்தில் அவர் எப்போதும் முன்னால் ஓடிப்போய் நிற்பார். நான் பின்வரிசையில் நிற்பேன். பதினான்கு வருடமாக மண்ணுக்குள் இருக்கும் ஒருவருடைய கால்கள், கடல் தாண்டி, இந்தப் பச்சைக் கம்பளத்தின்மேல், ஈரம் காயாமல், என் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கின்றன. ஸஜ்தாவில் தரையில் தலை வைத்தபோது எழுந்திருக்க மனமில்லை. பயமா வியப்பா என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இப்போது யோசித்தால் வியப்புதான் முதலில் வந்தது. அப்படியும் எழுதிவைக்கிறானா இறைவன் என்று.

பயம் வெளியே வந்த பிறகு வந்தது. செருப்பு அடுக்கில் ரியாஸின் அலுவலக ஷூ இருந்தது. பின்பக்கம் இரண்டும் மிதிபட்டு மடங்கியிருந்தன. 

மேகன் சொன்ன நாணயம் நினைவுக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் விஷயத்தில் நாணயம் சுண்டப்படவே இல்லை. சாகுல் காக்காவின் இரத்தத்தில் இருந்தது எதுவும் என்னிடம் வர வழியே இல்லை. நான் தப்பித்தது எதிலிருந்தும் இல்லை. ஆனால் என் முடிவை வைத்துக்கொண்டு ஒருவன் தன் மருத்துவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

6

என் மகள் ஹனாவுக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் பாதிக்குமேல் ஆங்கிலத்தில் பதில் வரும். விடுமுறை என்பதால் அன்று அவளும் பள்ளிவாசலுக்கு வந்திருந்தாள். காரில் திரும்பும்போது, வாப்பாவிடம் இருக்கும் மரபணுப் பிழை மகனுக்கு வருமா என்று அவளிடம் கேட்டேன். சோதித்துப் பார்க்கத்தான். பள்ளியில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபிஃப்டி பர்சென்ட். வொய்?"

ரியாஸைப் பற்றிச் சொன்னேன். அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"வெய்ட். பெரியாப்பா உங்க பயாலஜிகல் பிரதர் இல்லல்ல? மில்க் பிரதர் தானே? டாக்டர்கிட்ட பிரதர்னா சொன்னீங்க?"

சொன்னேன் என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வாப்பா," என்றாள். அதை மட்டும்தான் ஆங்கிலம் கலக்காமல் சொன்னாள். 

அவள் ஆசியாம்மாவைப் பார்த்ததில்லை. கீழக்கரையில் மொத்தமாக ஒரு மாதம்கூட இருந்ததில்லை. எங்கள் உறவுகள் எதுவும் அவள் மனதில் நிற்பதில்லை என்று பரீதாவும் நானும் எத்தனையோ முறை குறைபட்டிருக்கிறோம். இதை மட்டும் எங்களைவிடத் துல்லியமாக வைத்திருந்தாள்.

திங்கள்கிழமை மேகனைக் கூப்பிட்டுத் திருத்தம் சொன்னேன். செய்தித்தாளில் என்றால் நாலாம் பக்கத்தில் வருத்தம் தெரிவித்துவிடலாம். இங்கே மேகன் தன் திரையில் உறவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைத் திறந்தார். சகோதரர், ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான சகோதரர், மாற்றாந்தாய் வழிச் சகோதரர், தத்துச் சகோதரர் என்றெல்லாம் இருக்கிறது, நீங்கள் சொல்வது இல்லை என்றார். உங்கள் ஊரில் இதற்குத் தனியாக ஓர் உறவே இருக்கிறதா என்று கேட்டார். பாதி விளக்குவதற்குள் அவரே கேள்விகள் கேட்க ஆரம்பித்துவிட்டார். நேரம் முடிந்தும் விடவில்லை. கடைசியில் திரையைப் பகிர்ந்து, ஏற்கெனவே வரைந்திருந்த குடும்பப் படத்தில் எனக்கும் காக்காவுக்கும் மேலே இருந்த கோட்டை அழித்தார். அவருடைய கட்டமும் அவர் மகனுடைய கட்டமும் தனியாக ஒரு பக்கத்துக்குப் போயின. 

சின்னக் கோடுதான். அது அழிந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"அந்த இளைஞர் சீக்கிரம் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும்," என்றார் மேகன். "அவரிடம் யார் சொல்வது?"

7

அன்று மாலை ரியாஸின் வீட்டுக்குப் போனேன். நஸ்ரின் குழந்தையைத் தூங்கவைக்க உள்ளே போய்விட்டாள். நான் எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"ரியாஸு, என் டெஸ்ட் உனக்குச் செல்லாது. நானும் உங்க வாப்பாவும் ஒரே இரத்தம் இல்ல."

எங்கள் இரண்டு வீடுகளிலும் ஐம்பது வருடத்தில் யாரும் சொல்லாத வாக்கியம் அது. அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததைச் சொல்லக் கேட்பது வேறாக இருக்கிறது. அவன் முகம் மாறியது.

"தெரியும். அதுக்கென்ன இப்ப?"

விளக்கினேன். கதவு, கொழுப்பு, பாதிக்குப் பாதி எல்லாம் சொன்னேன். அவன் அதைக் கேட்கவில்லை. அவன் கேட்டது முதல் வாக்கியத்தை மட்டும்தான்.

"வாப்பா போனப்ப எனக்குப் பதிமூணு வயசு. காலேஜ் சேத்தது நீங்க. ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனது நீங்க. இப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு ரிசல்ட் வந்ததும், நாங்க வேற நீங்க வேறயா?"

 அவன் பக்கமிருந்து பார்த்தால் அதுவே சரியாகத்தான் இருந்தது. ஒருவன் ஆபத்திலிருந்து வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருப்பவனிடம், நமக்குள் உறவில்லை என்கிறான்.

வேறு கேள்வி ஒன்று கேட்டேன். உங்க வாப்பா மௌத்தான பிறகு வீட்டையும் கடையையும் பாகம் பிரித்தார்களே, எனக்கு ஏதாவது பாகம் வந்ததா என்று.

"நீங்க கேக்கல."

"கேட்டாலும் கிடையாது. பாகம் சொல்ல வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் அங்கதானே உக்காந்திருந்தார்? பால்குடிப் பிள்ளைக்கு உறவு உண்டு, வாரிசுப் பங்கு கிடையாது. கதீஜாவ நான் கட்ட முடியாது, அவ்வளவு நெருக்கம். ஆனா ஒரு ஓடுகூட எனக்கு வராது. அது இரத்தத்துக்கு மட்டும். உங்க வாப்பா கிட்டேருந்து வர்றது எல்லாம் உனக்குத்தான் வரும். நல்லதும் வரும், இதுவும் வரும்."

இதை நான் முன்கூட்டி யோசித்துக்கொண்டு போகவில்லை. சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில், பால் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்று இத்தனை நுணுக்கமாக யாரோ கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். மேகன் திரையில் அழித்த கோடும் அதே இடத்தில்தான் இருந்தது. 

 ரியாஸைக் காலை நீட்டச் சொன்னேன். ஏன் என்றான். நான் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். என் உடம்புக்கு அது சின்ன வேலை இல்லை. அவன் இடது காலைப் பிடித்தேன்.

"சாச்சா, காலத் தொடாதீங்க." இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

விடவில்லை. அவன் கையை எடுத்து அந்தத் தடிப்பின்மேல் வைத்தேன். இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். கல்லூரிக் காலத்திலிருந்து, ஷூ உராய்ந்து காய்த்துப் போனது என்று நினைத்ததாகச் சொன்னான். உங்க வாப்பாவுக்கும் இதே இடத்தில், இதே மாதிரி, இடது பக்கம் பெரிது என்றேன். அவனுக்கு அது நினைவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் வாப்பாவின் குதிகாலை எங்கே பார்த்திருக்கப்போகிறான்.

அவன் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலால் மெல்லத் தடவினான். வாப்பாவின் படம் ஒன்று அந்த அறைச் சுவரில் உண்டு. அதை அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"அப்ப நான் ஒளிச்சுத் திங்கல," என்றான்.

"இல்ல. நீ ஒளிச்சுத் திங்கல."

உள்ளே குழந்தை விழித்துச் சிணுங்கியது. அவன் அந்தப் பக்கம் திரும்பினான். அவன் என்ன கணக்குப் போட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. பாதிக்குப் பாதி. மறுநாள் காலையில் அவனே மருத்துவமனையைக் கூப்பிட்டு, வேண்டாம் என்ற தேதியைத் திரும்பக் கேட்டான்.

8

ரியாஸின் காப்பீடு வேறு, ஆகவே மருத்துவமனையும் வேறு. முடிவு வந்த அன்று அவன் என்னையும் வரச் சொன்னான். 

அவனுக்கு அந்தப் பிழை இருந்தது. எந்த இடத்தில் எந்த எழுத்து என்றுகூடக் காட்டினார்கள். சின்ன உருவப் பெண்மணியான அந்த இதய மருத்துவர் அவனுடைய எடையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். முதலில் மாத்திரை. தேவைப்பட்டால் ஊசி. இந்த வயதில் தெரிந்துவிட்டதால் எதிரில் நிறையக் காலம் இருக்கிறது, இதயத்தைப் படம் எடுத்ததில் பெரிய அடைப்பு இல்லை என்றார். அந்தப் படத்தையும் காட்டினார். கறுப்புத் திரையில் ஒரு கைப்பிடி வெளிச்சம் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஓடிய குழாய்களை மூன்று பேரும் பார்த்தோம். காக்காவின் இதயத்தை இப்படி யாரும் பார்க்கவில்லை.

பிறகு அடுத்த அறையில் இந்த மருத்துவமனையின் மரபணு ஆலோசகர் காத்திருந்தார். இளைஞர். யார் யாருக்குச் சொல்ல வேண்டும், யாரெல்லாம் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று குடும்பப் படம் வரைவதற்காக வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்திருந்தார். ரியாஸ் ஒவ்வொருவராகச் சொன்னான். வாப்பா. அவர் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு, இறந்தவர் என்று. அத்தை கதீஜா, கீழக்கரையில் இருக்கிறார். அவரிடம் நான் ஏற்கெனவே பேசியிருந்தேன், அடுத்த வாரம் இராமநாதபுரம் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மர்யம், இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் பார்க்கலாம்.

அறையில் இரண்டு நாற்காலிகள்தான். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். ஆலோசகர் தலைநிமிர்ந்து, இவர் யார் என்று ரியாஸிடம் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். இந்த முறை சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியம் தயாராக இருந்தது. ரியாஸ் முந்திக்கொண்டான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"என் வாப்பாவின் தம்பி. நீங்கள் வரையும் படத்தில் இவர் வரமாட்டார்."

ஆலோசகர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவைத் தாளில் வைக்கவில்லை. வெளியே போய், நடைபாதையிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் உடம்பைக் கணக்கில் வைத்து, கைப்பிடி இல்லாததாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார். அதை ரியாஸின் பக்கத்தில் போட்டார்.